விலைபோன அத்தைமார்

கார்டெல் வின்புஷுக்குத் தன் உடம்பைப் பார்த்தால் குமட்டல் வரத் தொடங்கியது, அதை வாங்க ஆளில்லாமல் போன பிறகுதான். விலை போய்க்கொண்டிருந்த வரைக்கும் அதன் கோணல்கள் எல்லாம் அவனுக்கு மெடல்களாகவே தெரிந்தன. சுண்டுவிரல்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி, யாரிடமோ வழி கேட்பதுபோல நிற்கும். வலது தோள் இடதைவிடக் கீழே தொங்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முழங்கால்கள் வறுகடலை மெல்லுகிற சத்தம் போடும். ஆகஸ்ட் கடைசியில் பர்மிங்ஹாமின் அமெரிக்கக் கால்பந்து அணி அவனைக் கழற்றிவிட்டது. மறுநாளிலிருந்து அதே உடம்பு, யாரோ இறக்கி வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்த சோபா மாதிரி ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஒன்பது பருவங்கள் அந்த அணியின் தடுப்பு வரிசைக்கு நடுவில் நின்றவன். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு வேலை. பந்தோடு வருகிறவனை மண்ணில் சாய்ப்பது முதல் வேலை. அதை வலுவுள்ள எந்த முரடனும் செய்வான். இரண்டாவதற்குத்தான் மூளை வேண்டும். எதிரணி வரிசைகட்டிக் குனிந்த பிறகு, அவர்கள் நிற்கிற லட்சணத்தைப் பார்த்து, என்ன செய்யப்போகிறார்கள் என்று ஊகித்து, தன் ஆட்கள் பத்துப் பேருக்கும் ஒரே சொல்லில் கத்திச் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல் வரும்தான். ஆனால் ஆட்டம் தொடங்கும் கடைசி நொடிகளில் அதை அறுத்துவிடுவார்கள், விதி அப்படி. அதற்குப் பிறகு நடுவில் நிற்பவனின் தொண்டைதான் கதி.

அந்தச் சொற்களை வின்புஷ் தன் மனைவி ரோஷெலின் அத்தைமாரிடமிருந்து எடுத்திருந்தான். யூடோரா அத்தை எந்தச் சர்ச்சுக்குப் போனாலும் இடப்பக்க பெஞ்சில்தான் உட்காருவாள். ஆகவே ‘யூடோரா’ என்றால் எல்லோரும் இடப்பக்கம் நகர வேண்டும். லவர்ன் அத்தை யாரையும் கிட்டே சேர்க்கமாட்டாள். ‘லவர்ன்’ என்றால் பின்வாங்கித் தள்ளி நில். பெர்னிஸ் அத்தை அழைக்காமலே வந்து நடுவீட்டில் நிற்பவள். ‘பெர்னிஸ்’ என்று கத்தினால், கத்தியவனே எதிரணியின் இடைவெளிக்குள் பாய்ந்து, பந்தை எறிபவனை அவன் எறிவதற்குள் அமுக்க வேண்டும். அணியில் எல்லோருக்கும் இந்த மாதிரி அத்தைமார் இருந்ததால் சொற்கள் ஒரே நாளில் மனப்பாடமாயின. பெர்னிஸ் அத்தையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மைதானத்துக்கும் அழைக்காமல் வந்திருப்பாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஏஜென்ட் ஹஷ்மன் போன் செய்தான். செவ்வாய்க்கிழமை இந்தத் தொழிலின் சந்தை நாள். வேலையில்லாதவர்களை அணிகள் வரவழைத்து, ஓடவிட்டு, குனியவிட்டுப் பார்க்கும்.

“ராஜா, பையை எடு. டொலீடோ கூப்பிடறாங்க. நாளைக்குக் காலையில சோதனை.”

“டொலீடோவுக்கு ஞாயித்துக்கிழமை யாரோட ஆட்டம்?”

“அதெல்லாம் நான் பாக்கல.”

“பர்மிங்ஹாமோட.”

“அப்படியா. பாரேன், எப்படி அமையுதுன்னு.” ஹஷ்மன் ஒரு பொய்யைச் சொல்வதற்கு முன் எப்போதும் ஒரு மிடறு எதையாவது குடிப்பான், குடித்த சத்தம் கேட்டது. “உன் கால் வேகத்தைப் பத்தித்தான் விசாரிச்சாங்க ராஜா. உன் வாயைப் பத்தி ஒண்ணுமே கேக்கல.”

ரோஷெல் மெத்தைக் கடையில் மேலாளர். விற்கிறவன் பேச்சில் எது பஞ்சு, எது வெறும் உறை என்று தொட்டுப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அவன் பையில் துணி அடுக்குவதைக் கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்னை எதுக்குக் கூப்பிடறாங்கன்னு தெரியுமில்ல?”

“ஆட.”

“சரி,” என்றாள். “கண்ணாடியைப் பாத்து ஒருமுறை சொல்லு. சிரிப்பு வரலைன்னா போ.”

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மறுபடி ஓர் அணியில் இருக்க வேண்டும். பெயர் ஒட்டிய அலமாரி ஒன்று வேண்டும். பெரிய ஆண்கள் ஈரத் துண்டோடு நின்று அசிங்கமாகக் கேலி பேசும் ஓர் அறைக்குள் தனக்கும் இடம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு என்ன கேட்டாலும் கொடுப்போம் என்பது போகும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது.

டொலீடோவில் மூன்று டாக்டர்கள் அவனைக் கள்ளச் சரக்கைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் முழங்காலைப் பிடித்துத் திருகினார். அது சத்தம் போட்டதும், அடுத்தவரைக் கூப்பிட்டு, “இதைக் கேளுங்க,” என்று இன்னொரு முறை திருகிக் காட்டினார். பிறகு ஓடச் சொன்னார்கள். அவன் ஓடினான். உயிரைக் கொடுத்து ஓடினான். ஓட்டக் கடிகாரத்தை வைத்திருந்த ஆள் அதை அமுக்க மறந்துவிட்டு, பக்கத்திலிருந்தவனோடு மீன்பிடிப் படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஓரமாக நின்ற கோச்சுகள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வராதவன்தான் துணியை விரித்துப் பார்க்கமாட்டான். வின்புஷுக்கு அது புரிந்தது. புரிந்தும் இன்னொரு முறை ஓடிக் காட்டட்டுமா என்று கேட்டான்.

“வேண்டாம்ப்பா, அருமையா ஓடற,” என்றான் டோய்ல் என்ற உதவிக் கோச், போனிலிருந்து தலை தூக்காமல். “உள்ள வா. டோனட் இருக்கு.”

உள்ளே வெள்ளைப் பலகை இருந்தது. நாற்காலிகளில் டொலீடோவின் தாக்குதல் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். டோய்ல் மேஜைமேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, “பர்மிங்ஹாம்ல கடைசி நேரத்துல ஏதோ பொம்பளைங்க பேரு கத்துவீங்களாமே,” என்றான்.

வின்புஷ் நாற்காலியில் சாய்ந்தான். “கையெழுத்தைப் போடுங்க. அப்புறம் பேசறேன்.”

டோய்ல் சிரித்துவிட்டு யாருக்கோ விரலைச் சொடுக்கினான். ஒப்பந்தம் வந்தது. தான் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசிவிட்டதாக அந்த நிமிஷம் வின்புஷுக்கு ஒரு கிறுக்குப் பெருமை இருந்தது. பிறகு அவன் பலகைக்கு முன்னால் நின்று மூன்று அத்தைமாரையும் வரிசையாக நிறுத்தினான். யார் எங்கே உட்காருவாள், யார் எதற்குக் கோபப்படுவாள் என்பது வரை சொன்னான். அறை குலுங்கிச் சிரித்தது. டொலீடோவின் பந்து எறியும் வாலிபன் இடுப்பில் கைவைத்து, கீச்சுக்குரலில், “நான்தான் பெர்னிஸ், சாப்பாடு ஆச்சா?” என்று நடந்து காட்டினான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் வின்புஷ்தான். டோனட்டின் சர்க்கரை உள்ளங்கையில் பிசுபிசுத்தது, பேண்ட்டில் துடைத்தான், போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹோட்டல் அறையில் இருந்தபோது ஸ்டோவால் கூப்பிட்டான். பர்மிங்ஹாமில் இப்போது வின்புஷின் இடத்தில் நிற்கிற இளைஞன். வின்புஷைக் கழற்றிவிட்ட அன்று, அந்த அறையில் அழுதது அவன் ஒருவன்தான்.

“அண்ணே, டொலீடோ எப்படி இருக்கு?”

“ஏரிக் காத்து மூஞ்சியில அறையுது. நீ எப்படிடா?”

“ஒரு சந்தேகம் கேக்கணும். டில்மன் கோச் வார்த்தையெல்லாம் மாத்தணுங்கறாரு. ஊர்ப் பேரா வச்சு புதுசா குடுத்தாரு. நேத்து பயிற்சியில நம்ம பசங்க மோண்ட்கோமரின்னா இடமா வலமான்னு தெரியாம ஒருத்தன் மேல ஒருத்தன் விழறானுங்க. ஒருத்தனுக்குப் பல்லே ஆடுது. நான்தான் சொன்னேன், அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்ல, அத்தைங்க அப்படியே இருக்கட்டும்னு. கோச் சிரிச்சுட்டு, அவனையே கேட்டுப் பாருங்கறாரு. அதான் கேக்கறேன். மாத்தணுமா?”

வின்புஷ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மாற்று என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை முதல் சில நிமிஷங்களிலேயே, தான் விற்றது ஊசிப்போன சரக்கு என்று டோய்லுக்குத் தெரிந்துவிடும். மாற்றாதே என்றால் இந்தப் பையன்.

“எதுக்குடா மாத்தற,” என்றான்.

“அதானே. சும்மா கேட்டேண்ணே, மனசுல வச்சுக்காத. ஆட்டம் முடிஞ்சதும் கட்டிப்பிடிக்க வர்றேன். அதுக்கு முன்னாடி கிட்ட வந்தேன்னா கடிச்சுருவேன்.”

போனை வைத்துவிட்டு வின்புஷ் குளியலறைக்குப் போய்ப் பல் விளக்கினான். துப்பினான். மறுபடி பிரஷ்ஷை எடுத்தான்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அலமாரி அறைக்கு ஒருவன் வந்து, “கோச் கூப்பிடறாரு. டேப்லெட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு,” என்றான். டேப்லெட்டில்தான் அணியின் ஆட்டக் குறிப்புகள் இருக்கும்; இந்தத் தொழிலில் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான், வேலை போயிற்று. வழியில் இருந்தவர்கள் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டார்கள்.

டோய்ல் எழுந்து நின்று கைகொடுத்தான். “முன்வரிசை ஆளு ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. அவனுக்குப் பதிலா ஒருத்தனை எடுக்க அணியில இடம் தேவைப்படுது. உன் உதவியை மறக்கமாட்டோம்.”

“நாளைக்கு ஒரு ஆட்டமாவது...”

“திங்கக்கிழமை மறுபடி பேசலாம். போனைப் பக்கத்துலயே வச்சுக்க.”

வாசலில் துணிமணிக்குப் பொறுப்பான ஆள் அவனை நிறுத்தினான். “அந்த ஜாக்கெட்டு அணியோடது.” வின்புஷ் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் பனியனோடு ஏரிக் காற்றில் டாக்சிக்கு நின்றான்.

அப்போதும் நேரம் இருந்தது. ஸ்டோவாலைக் கூப்பிட்டு மாற்று என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், வெள்ளிக்கிழமை சொன்னது என்ன என்பதும் கூடவே வெளியே வந்துவிடும். அதுமட்டுமில்லை. திங்கட்கிழமை பேசலாம் என்றானே டோய்ல். பொய் என்று எலும்பு வரைக்கும் தெரிந்தது. தெரிந்தும், அந்தப் பொய்யை உதற மனம் வரவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தான். டோய்ல் சொன்னபடி, பக்கத்திலேயே.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து டெட்ராய்ட் விமான நிலையத்தில், வீடு திரும்பும் விமானம் தாமதம். பாரில் உட்கார்ந்தான். மேலே டி.வி.யில் ஆட்டம் ஓடியது. மைதானத்து மைக்குகள் வீரர்களின் குரலைத் துல்லியமாகப் பிடித்துக் கொடுத்தன. ஸ்டோவால் ‘யூடோரா’ என்று கத்தினான். பந்து வலப்பக்கம் போனது. ‘லவர்ன்’ என்றான்; டொலீடோ ஓடிவந்து, காலியாகக் கிடந்த இடத்தில் நிதானமாகப் புகுந்தது. பக்கத்து ஸ்டூலில் டொலீடோ தொப்பி போட்ட தடியன் கோழி இறக்கையைச் சப்பிக்கொண்டே, “நம்மாளுங்களுக்கு இன்னிக்கு ஞானதிருஷ்டி வந்துடுச்சு பாத்தியா,” என்றான்.



மூன்றாவது கால்பகுதியில் ஸ்டோவால் முன்னால் வந்து, கழுத்து நரம்பு புடைக்க, “பெர்னிஸ், பெர்னிஸ்,” என்று கத்தினான். டொலீடோவின் முன்வரிசையில் ஒரு பெரிய ஆள் எதிரே நின்றவனைத் தொடக்கூட இல்லை. நேராக அந்த இடைவெளிக்குப் போய்க் காத்திருந்தான். ஸ்டோவால் பாய்ந்து வந்தான். அந்த மலை அவன் இடது முழங்காலில் பக்கவாட்டாக விழுந்தது. விதிப்படி அதில் ஒரு தப்புமில்லை. கால் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியது. டி.வி.க்காரர்கள் அதை மெதுவாக ஒருமுறை, இன்னும் மெதுவாக ஒருமுறை, பின்பக்கத்திலிருந்து ஒருமுறை காட்டினார்கள்.

“என்னா அடி,” என்றான் தடியன், எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு. அடுத்த இறக்கையை எடுத்தான். உதட்டோரம் சிவப்புக் குழம்பு வழிந்தது. வின்புஷ் எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தியெடுக்கப் பார்த்தான். வரவில்லை. அதுகூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. டோய்லிடமிருந்து இல்லை.

“ராஜா, உக்காந்திருக்கியா?” என்றான் ஹஷ்மன். “பர்மிங்ஹாம். அந்தப் பையனுக்கு இந்த வருஷம் முடிஞ்சுபோச்சு. அவங்க ஆட்டமுறை தெரிஞ்ச நடு ஆளு வேணுமாம். நாட்டுல வேற யாரு இருக்கா? சோதனைகூட வேண்டாமாம். இதைத்தான் நான் அதிர்ஷ்டம்னு சொல்றது.”

ரோஷெல் சமையலறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, “பெர்னிஸ் அத்தை போன் பண்ணாங்க,” என்றாள். “டி.வி.யில அவங்க பேரைக் கத்தினாங்களாம். சர்ச்சு முழுக்கச் சொல்லிப் பூரிச்சுப் போயிருக்காங்க. அப்புறம் அந்தப் பையன் விழுந்ததையும் பாத்தாங்களாம். அவனுக்காக ஜெபம் பண்றாங்க.”

அவன் மேஜையைப் பார்த்தான்.

“என் அத்தைங்களை வித்துட்டே,” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “என்ன குடுத்தாங்க?”

“மூணு நாள் பயிற்சி. ஒரு ஜாக்கெட்டு.”

“ஜாக்கெட்டு எங்க?”

“திரும்ப வாங்கிட்டாங்க.”

ரோஷெல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை. “எங்க கடையில நாய் படுத்த மெத்தைக்குக்கூட இதைவிட நல்ல விலை கேப்பேன். இப்ப பர்மிங்ஹாம் போகப் போற.”

“கேக்கறியா, சொல்றியா?”

“சொல்றேன்,” என்று அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள்.

பர்மிங்ஹாமின் தடுப்புக் கோச் டில்மன் எந்நேரமும் வாயில் புகையிலை அதக்குபவர். பேச்சுக்கு நடுவே ஒரு காகிதக் கோப்பையில் துப்புவார். அதே கையால் உங்கள் தோளையும் தட்டுவார். தட்டினார்.

“வா தம்பி. கதவைச் சாத்து. டொலீடோகாரங்ககிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சுட்ட போல.”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சை வின்புஷ் விட்டுவிட்டான். “உங்களுக்குத் தெரியுமா?”

“உன்னைக் கையெழுத்து போட்டு எடுத்த அன்னிக்கே தெரியும். வேற எதுக்கு எடுப்பாங்க? உன் முழங்கால் சங்கீதத்தைக் கேக்கவா?”

“தெரிஞ்சுமா வார்த்தையை மாத்தல?”

“மாத்தினா நம்ம பசங்களே முட்டிக்கறாங்க. நீ சொல்லாம இருந்திருந்தா நமக்கு லாபம். சொல்லியிருந்தா ஒரு ஆட்டம் போகும். போனா போகட்டும்னு விட்டேன்.” துப்பினார். பழுப்பு எச்சில் கோப்பையின் விளிம்பில் நூலாகத் தொங்கியது, விரலால் அறுத்தார். “நானும் உன் வயசுல இதைப் பண்ணியிருக்கேன். யாருதான் பண்ணல?”

“ஸ்டோவால் கால்?”

“அது நான் எதிர்பாக்கல,” என்றார் டில்மன், மழை வந்ததைச் சொல்வதுபோல. “சரி, டிசம்பர்ல டொலீடோ இங்க வர்றாங்க. மூணு நாள் அவங்களோட உக்காந்திருக்க. அந்தப் பந்து எறியற பயல் கடைசி நேரத்துல என்ன கத்தறான்? சொல்லு, சூடு ஆறறதுக்குள்ள எழுதிக்கறேன்.”

யாராவது தன்மேல் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வின்புஷ் இந்த அறைக்குள் வந்தான். ஒருவேளை அதற்காகத்தான் வந்தான். இங்கே துப்பியதெல்லாம் கோப்பைக்குள் போனது. அவன் சொல்லத் தொடங்கினான். கார்களின் பெயரைக் கத்துவான், கூடவே இரட்டைப்படை எண் வந்தால் ஓட்டம், இடது கையால் தொடையைத் தட்டினால் எல்லாம் பொய். இம்முறை கையெழுத்தைக்கூட முதலில் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது சிகிச்சை அறைக் கதவு திறந்திருந்தது. ஸ்டோவால் மேஜைமேல் படுத்திருந்தான். இடது கால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் கிடந்தது. முகம் வெளுத்து உப்பியிருந்தது.

“அண்ணே.”

வின்புஷ் கிட்டே போனான். மருந்து வாடையும் அதற்கடியில் வியர்வை வாடையும் அடித்தன. “ஸ்டோவால், அந்த வெள்ளிக்கிழமை நான்...”

“சொல்லாத.”

“இல்லடா, கேளு.”

“சொல்லாதண்ணே. நான் பெர்னிஸ்னு கத்தி முடிக்கல, அவங்க முன்வரிசைத் தடியன் என்னைப் பாத்து சிரிச்சான். நீ சிரிக்கிற மாதிரியே ஒரு சிரிப்பு. அங்கயே தெரிஞ்சுபோச்சு.” அவன் கூரையைப் பார்த்துப் பேசினான். “இப்ப நீ வாயால சொல்லிட்டா, பரவாயில்லண்ணேன்னு நான் சொல்லணும். பழக்கதோஷம், சொல்லியும் தொலைச்சுருவேன். எனக்குச் சொல்ல வேண்டாம். போய் ஆடு. கதவை மூடிட்டுப் போ.”

அவன் கதவை மூடிவிட்டு வந்தான்.

அலமாரி அறையில் பையன்கள் அவன் முதுகில் அறைந்தார்கள். “வந்துட்டாருய்யா கிழவரு.” “டொலீடோ ஏரியில குளிச்சுட்டு வந்தியா, நாத்தம் போகலையே.” கேலி, ஈரத் துண்டு, அசிங்கப் பேச்சு, எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. அலமாரியில் ஸ்டோவாலின் பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை இன்னும் காயாமல், தூசி ஒட்டி, கறுத்துக் கிடந்தது. அதன்மேலேயே இவன் பெயரை ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த ஸ்டோவாலின் பையைத் தொட வேண்டியதாயிற்று. அதற்கடியில் அந்தப் பையனின் அழுக்குச் சாக்ஸ் ஒன்று கிடந்தது. வின்புஷ் அதை இரண்டு விரலால் எடுத்தான், யாருடைய அழுக்கைப் பார்த்து முகம் சுளிக்கிறோம் என்று தோன்றியதும் மடித்து ஓரமாக வைத்தான்.

சாப்பாட்டு நேரம். சமையலறை ஜன்னலில் மிஸ் ஒடெல் நின்றுகொண்டிருந்தாள். “வந்துட்டியா கண்ணு. ஐயோ, எப்படி இளைச்சுட்ட,” என்று குழம்பில் ஊறிய பன்றிக் கறியையும் கீரையையும் சோள ரொட்டியையும் தட்டு தாங்காத அளவுக்கு வைத்தாள்.

சுவரோரமாக உட்கார்ந்தான். இது தொண்டையில் இறங்காது என்று நினைத்தான். இறங்கக் கூடாது என்றும் நினைத்தான். முதல் வாயை வைத்துவிட்டு, அது சிக்குவதற்காகக் காத்திருந்தான். மிருதுவாக இறங்கியது. நன்றாக இருந்தது. ஆகஸ்டிலிருந்து எதுவும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. தாடை தன்பாட்டுக்கு அரைத்தது, கை தன்பாட்டுக்கு எடுத்தது, ரொட்டியால் தட்டின் ஓரக் குழம்பைக்கூட வழித்தது. அந்த உடம்பை வெளியே நின்று பார்ப்பதுபோலப் பார்த்தான். அதற்கு வெட்கமில்லை.

தட்டு காலியானதும் எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போனான்.

“இன்னொரு துண்டு வைங்க,” என்றான்.